பூத்ததும் வெட்டு: பழத்தோட்டத்தில் பயறு விதைப்பது எதற்கு?

ஹொசக்கோட்டையைத் தாண்டி மாலூர் போகும் பக்கம் எங்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கரில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. தோப்பு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். முப்பது அடிக்கு ஒன்றாக இடுப்புயரக் கன்றுகள், நடுவில் எல்லாம் வெறும் செம்மண். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ராமமூர்த்தி நகரிலிருந்து கிளம்பிப் போய், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவோம்.

முதல் வருஷம் ஆவணியில் கன்றுகளுக்கு நடுவே அவரையும் கொள்ளும் விதைத்தோம். மண்ணைத் தேற்றுவதற்காகத்தான். ஐப்பசி கடைசியில் அவரை பூத்தது. பூத்ததும் அறுத்துப் போட்டுவிட வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்ததால் அரிவாளோடு இறங்கினேன். அம்மா வரப்பிலேயே நிறுத்திவிட்டார். "பூவும் பிஞ்சுமா நிக்கிற செடிய வெட்ட எப்படிடா கை வருது உனக்கு? இன்னும் ஒரு மாசம் பொறு. ஊரே அவரைக்காய்க்கு அலையப் போகுது."

அம்மா சொன்னது பொய்யில்லை. பெங்களூரில் ஜனவரி மாதம் அவரைக்காய்க்கென்று மேளாவே நடக்கும். பனியில் விளைந்த காயின் எண்ணெய்ப் பிசுக்கையும் வாசனையையும் சொல்லக் கன்னடத்தில் 'சொகடு' என்று தனியாக ஒரு வார்த்தை வேறு இருக்கிறது. வெட்டவில்லை. தை முடியும்வரை பை பையாகக் காய் பறித்தோம், பிதுக்குப் பருப்புக் குழம்பு சாப்பிட்டோம், அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். மண்ணுக்கு மிஞ்சியது காய்ந்த கொடி. அந்தச் சித்திரையில் தரை போன வருஷம்போலவே காலைச் சுட்டது. மண்வெட்டி போட்டால் முந்தைய வருஷம்போலவே 'டங்' என்றது.

அந்த வருஷம் அம்மா ஜெயித்து மண் தோற்றது ஏன் என்பது பிடிபட்டால், இந்த விஷயத்தில் பாதி முடிந்த மாதிரி.

முதலில் சில பெயர்கள். தின்பதற்கோ விற்பதற்கோ இல்லாமல், தரையை மூடிவைக்க வேண்டும் என்றே விதைக்கும் பயிர் மூடுபயிர். அதையே பூக்கும் பருவத்தில் அதே இடத்தில் மடக்கி உழுதுவிட்டால் பசுந்தாள் உரம். வேலியிலோ வேறு எங்கோ வளர்ந்த மரத்தின் தழையை வெட்டிக் கொண்டுவந்து போட்டால் அது பசுந்தழை உரம். கிளைரிசிடியா, புங்கன், எருக்கு எல்லாம் அந்தக் கணக்கு. இங்கே கன்னடக்காரர்கள் 'ஹசிரெலெ கொப்பர' என்பார்கள். விதைக்கடையில் அப்படிக் கேட்டால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

சரி, தரையை எதற்கு மூட வேண்டும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மாவுக்குப் பழைய இடைவெளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். ஏக்கருக்கு நாற்பது மரம். ஒவ்வொரு மரத்துக்கும் 100 சதுர மீட்டர் நிலம் சொந்தம். கன்றைச் சுற்றி ஒன்றரை மீட்டர் ஆரத்தில் பாத்தி கட்டி, எருவும் தண்ணீரும் அதற்குள் விட்டாலும் பாத்தியின் பரப்பு 7 சதுர மீட்டர்தான். மீதி 93 சதுர மீட்டரை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் ஐந்தாறு வருஷம் போனால் மரத்தின் வேர் தீனி தேடிப் போகப்போவது அந்த 93க்குள்தான்.

அந்த வெற்று நிலத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரே ஒரு பெங்களூர் மழையில் பார்த்துவிடலாம். சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வரும், முக்கால் மணி நேரம் கொட்டும், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் வெயில் அடிக்கும். முதல் பத்து நிமிஷத்தில் துளிகள் மண் கட்டிகளை உடைத்துத் தூளாக்குகின்றன. அந்தத் தூள் மண்ணின் கண்களை அடைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு பெய்வது உள்ளே இறங்காது. ராகி மால்ட் நிறத்தில் பள்ளத்தைப் பார்த்து ஓடும். ஓடுவது வெறும் தண்ணீரில்லை, இருப்பதிலேயே நல்ல மேல்மண். மறுநாள் போய்ப் பார்த்தால் அப்பளம்போல் ஒரு பொருக்கு காய்ந்து கிடக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில், ஆயிரம் அடிக்குப் போர் போட்டுத் தண்ணீர் தேடுவதில் இந்தப் பொருக்குக்கும் பங்குண்டு.

வெயில் செய்வது இன்னொரு கொள்ளை. குளிர் நாட்டு மண்ணில், இலைதழை மக்கிச் சேர்ந்த மட்கு பல காலம் தங்கும். நம் பக்கத்தில் சூடும் ஈரமும் சேர்ந்துகொள்வதால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மட்கை வேகமாகத் தின்று காற்றில் விட்டுவிடுகின்றன. கோடை மத்தியானத்தில் வெறும் செம்மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தொடக்கூடும். தொட்டுப் பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டாம், செருப்பைக் கழற்றினால் போதும். அதனால் ஒரு லாரி தொழு உரம் அடித்துவிட்டு மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை என்று இருக்க முடியாது. வருஷா வருஷம் மண்ணுக்குத் தீனி போட வேண்டும். அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதைவிட அங்கேயே விளைவிப்பது மலிவு. மூடுபயிரின் மொத்த நியாயமும் இதுதான்.

தரையை மூடப் புல்லே போதுமே, பயறு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூடுவதற்கு மட்டும் என்றால் புல் போதும். ஆனால் புல்லுக்கும் தழைச்சத்து மண்ணிலிருந்துதான் வர வேண்டும். மரத்தோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். பயறு வகைச் செடிகள் பாதிக்கு மேல் தங்கள் சாப்பாட்டை வெளியிலிருந்து கொண்டுவந்துவிடும்.

வெளி என்றால் காற்று. நாம் மூச்சுவிடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. இருந்தும் எந்தச் செடியாலும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியைப் பிரித்துத்தான் உரத் தொழிற்சாலையில் அமோனியா தயாரிக்கிறார்கள். அதற்கு 400 டிகிரிக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். அதே காரியத்தை ரைசோபியம் என்ற நுண்ணுயிர் நம் தோட்டத்துச் சூட்டிலேயே, சத்தமில்லாமல் செய்து முடிக்கிறது. ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் 1880களில் இதைச் சோதனையில் நிறுவினார்கள். 1888இல் டச்சு விஞ்ஞானி பேயரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியாகப் பிரித்தெடுத்தார். பயறு விதைத்த நிலம் தேறும் என்பது அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே உழவர்களுக்குத் தெரியும். காரணம்தான் அப்போது கிடைத்தது.

ஏற்பாடு இப்படி. பயறு முளைத்து வேர் விடும்போது சில வேதிப்பொருள்களை மண்ணில் கசியவிடும். அது ஒரு அழைப்பு மாதிரி. பக்கத்தில் இருக்கும் ரைசோபியம் அதை அறிந்து வேர்த்தூவிக்கு வரும், தூவி சுருண்டு அதை உள்ளே வாங்கிக்கொள்ளும், அந்த இடம் வீங்கி முடிச்சாகும். இரண்டு மூன்று வாரத்தில் கண்ணுக்குத் தெரியும். செடி சர்க்கரை கொடுக்கும், நுண்ணுயிர் தழைச்சத்து கொடுக்கும். இரண்டுக்கும் லாபம்.

இதை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். முளைத்து முப்பது நாளான ஒரு தட்டைப்பயறுச் செடியைத் தேர்ந்தெடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணுக்குள் அறுந்து நின்றுவிடும், வெறும் வேரைப் பார்த்து ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் ஏமாந்தேன். சுற்றி ஒரு சாண் விட்டு மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்ல அலசுங்கள். மிளகு அளவிலும் கடுகு அளவிலும் முடிச்சுகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, சிலதில் ரத்தச் சிவப்பாகவே இருக்கும். அது நம் ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் பொருள்; லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். பிராணவாயு அதிகமானால் நுண்ணுயிரின் வேலை நின்றுவிடும் என்பதால் அளந்து அளந்து விடுவதற்காகச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு. சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. உள்ளே வெளுத்திருந்தால் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அல்லது தவறான நுண்ணுயிர் குடியேறியிருக்கிறது. பச்சையோ பழுப்போ ஆகிவிட்டால் வேலை முடிந்துவிட்டது. என் பெண் இதைப் பார்த்துவிட்டு "செடிக்கும் ரத்தமாப்பா?" என்றாள். கிட்டத்தட்ட.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து தாராளமாக இருந்தால் செடி முடிச்சு போட மெனக்கெடாது. வீட்டில் சோறு இருக்கும்போது யார் ஓட்டலுக்குப் போவார்கள்? அதனால் பயறு சுமாராக வளர்கிறதே என்று யூரியா தூவுவது வந்த வேலையையே கெடுத்துக்கொள்வது. தூவ வேண்டுமென்றால் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். முடிச்சு போட அது நிறைய வேண்டும். நம் செம்மண்ணோ மணிச்சத்தை இரும்போடு பிணைத்துப் பூட்டிவைத்துக்கொள்ளும் ரகம். விதைக்கும் முன் மண் பரிசோதனை செய்து, குறைவு என்றால் ராக் பாஸ்பேட் கொஞ்சம் தூவி விதைப்பது நல்லது.

அவரைச் சண்டைக்கு வருவோம்.

பயறு உயிரோடு நிற்கும்போதே பக்கத்து மரத்துக்குத் தழைச்சத்தை வாரி வழங்குகிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. காற்றிலிருந்து பிடித்த சத்தைச் செடி தன் இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வேர் வழியே கசிவது கொஞ்சம்தான். செடி செத்து, மட்கி, நுண்ணுயிர்கள் தின்று வெளியே விட்ட பிறகுதான் மரத்துக்கு வரும். அப்படியானால் செடியின் உடம்பில் சத்து உச்சத்தில் இருக்கும்போது அதைச் சாய்க்க வேண்டும். அந்த நேரம் பூக்கும் பருவம்.

பூ பிஞ்சாகிக் காயாகும்போது செடி இலையிலிருந்த சத்தையெல்லாம் உருவி விதைக்கு அனுப்புகிறது. கவனித்திருப்பீர்கள், காய் முற்ற முற்ற அடியிலைகள் மஞ்சளாகி உதிரும். வேர்முடிச்சும் அந்தச் சமயத்தில் ஓய்ந்துபோகும். பருப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் என்கிறோமே, அந்தப் புரதம் என்பதே தழைச்சத்து சேர்த்துக் கட்டியதுதான். காயைப் பறித்துக் குழம்பு வைத்தால், செடி காற்றிலிருந்து சம்பாதித்ததில் பெரும்பங்கு குழம்பில் போய்விட்டது என்று அர்த்தம். ருசியான அர்த்தம்தான், ஆனால் மண் கணக்கில் வரவு இல்லை.

தாமதித்தால் இன்னொரு தொல்லை. பூக்கும் பருவத்துச் செடி மெத்தென்று இருக்கும். அதில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதால் சில வாரங்களிலேயே மட்கிவிடும். முற்றினால் தண்டு நாராகும், கரிமம் கூடும். அதைத் தின்கிற நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாமல் மண்ணிலிருந்து கடன் வாங்கும். கொடுக்க வந்த செடி கொஞ்ச காலத்துக்குக் கடன்காரனாகிவிடும். இதைப் படிப்பதைவிட அனுபவிப்பது வேகமாகப் புரியும்: இரண்டாம் வருஷம் சணப்பு விதைத்திருந்தோம், அதுவும் பயறு இனம்தான். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம், மூன்று ஞாயிறு போக முடியவில்லை. நாலாம் ஞாயிறு போனால் சணப்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது, மஞ்சள் பூவெல்லாம் கிலுகிலுப்பைக் காயாகிவிட்டது. வாடகைக்குப் பவர் டில்லர் கொண்டுவந்து ஓட்டினோம். கயிறு திரிக்கிற செடி அது என்பதை டில்லர் ஞாபகப்படுத்தியது. இரண்டு சாலுக்கு ஒரு தரம் நிறுத்தி, கத்தியில் சுற்றிய நாரைக் கையால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. டில்லர்காரர் மணிக்கணக்கில் வாடகை வாங்குபவர். அவர் ஒன்றும் அவசரப்படவில்லை.

அதனால் நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சணப்பு 45 முதல் 60 நாளுக்குள். தட்டைப்பயறு 45 நாளை ஒட்டி. நாலில் ஒரு செடி பூத்துவிட்டது என்று பட்டால் மீதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும்? நல்ல சணப்பு ஹெக்டேருக்கு 15 முதல் 20 டன் பசுந்தாள் கொடுக்கும். ஏக்கருக்கு 6 முதல் 8 டன். தோட்டத்தில் பாத்திகளையும் நடைவழியையும் விட்டு விதைப்பதால் 6 டன் என்றே வைத்துக்கொள்வோம். பச்சை எடையில் தழைச்சத்து 0.4 சதவீதம் இருக்கும். ஆக, சுமார் 24 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. ஒரு மூட்டைக்குச் சற்று மேல். அவ்வளவுதானா என்று தோன்றும். அதிலும் எல்லாமே காற்றிலிருந்து வந்ததல்ல, எல்லாமே இந்த வருஷமே மரத்துக்குப் போய்ச் சேரவும் செய்யாது. ஒரு பகுதி மட்டும்தான் உடனே கிடைக்கும். யூரியா விலைக்கு இவ்வளவு பாடா என்று ஒருவர் கேட்டால், தழைச்சத்துக்காக மட்டும் என்றால் பாடு அதிகம்தான் என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் யூரியா மூட்டை மழைத்துளியைத் தடுக்காது, மண்ணுக்கு 6 டன் தீனி போடாது, கோரைக்கும் பார்த்தீனியத்துக்கும் நிழல் போட்டு அமுக்காது, வேரால் மண்ணைத் துளைத்து மழையை உள்ளே இறக்காது. எனக்கு இப்போது தழைச்சத்து இலவச இணைப்பு மாதிரி. தரைமேல் போர்வையாகக் கிடக்கும் தழை, அதாவது மூடாக்குதான் முக்கியம்.

இதனால்தான் சாய்த்ததை ஆழ உழுது மடக்குவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. வயலில் நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுவது சரி; அங்கே மரமில்லை. தோட்டத்தில் தீனி எடுக்கும் வேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. ஆழ உழுதால் அவைதான் அறுபடும். பிரஷ் கட்டரால் அடித்து அப்படியே தரையில் பரப்பிவிடுவது என் வழக்கம். வெயிலில் கொஞ்சம் தழைச்சத்து ஆவியாகப் போகும், போகட்டும். செம்மண்ணின் மேல் ஒரு கம்பளி கிடக்கிறதே.

எதை விதைப்பது என்பது மரத்தையும் நிழலையும் பொறுத்தது. வெட்டவெளியாக இருக்கும் இளந்தோப்புக்குச் சணப்பைவிடச் சுலபமானது இல்லை. களையை அதைப்போல் அமுக்குவதும் இல்லை. தட்டைப்பயறு, கன்னடத்தில் அலசந்தே, தரையைச் சீக்கிரம் மூடும், ஆனால் அசுவினிப் பூச்சி மொய்க்கும். கொள்ளு, இங்கே ஹுருளி, மழை ஏமாற்றினாலும் பிழைத்துக்கொள்ளும். செப்டம்பர் மழையைப் பிடித்து விதைக்க அதுதான் தோது. தண்ணீர் தேங்கும் பள்ளம், உவர் தட்டிய இடம் என்றால் தக்கைப்பூண்டு. ஆடு மாடு அவிழ்த்துவிட்டுப் பழகிய பக்கம் என்றால் கொழிஞ்சி. அவை அதில் வாய் வைக்காது. ஆனால் கொழிஞ்சி விதையின் தோல் கல்லு மாதிரி. மணலோடு சேர்த்து இடித்துத் தோலைக் கீறிவிட்டு விதைத்தால்தான் முளைக்கும். வளர்ச்சியும் ஆமை நடை.

தென்னை என்றால் பாத்திக்குள்ளேயே மரத்துக்கு 50 கிராம் சணப்பு தூவி, பூக்குமுன் கொத்திவிடுவது தமிழ்நாட்டில் பழகிய முறை. கொய்யாத் தோட்டக்காரர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். வேர்முடிச்சு நூற்புழு என்று ஒரு எதிரி உண்டு. பெயரில் முடிச்சு இருந்தாலும் ரைசோபியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது போடும் வீக்கம் வேரோடு வேராகத் தடித்திருக்கும், ரைசோபியத்தின் முடிச்சுபோல் கிள்ளினால் தனியாக வராது. தட்டைப்பயறு அந்தப் புழுவுக்கு விருந்து வைக்கும். சணப்பு பட்டினி போடும். கொய்யா, பப்பாளி, மாதுளை உள்ள இடத்தில் சணப்பே சரி.

பெரிய மரங்கள் கிளை கோத்துவிட்ட பழைய தோப்பில் மேற்சொன்ன எதுவும் சரியாக வளராது. அங்கே நிழல் தாங்கும் படர்கொடி வேண்டும். கேரளத்து ரப்பர் தோட்டங்களில் பியூரேரியாவும், வடகிழக்கு மலைகளைப் பூர்வீகமாகக் கொண்ட முக்குணா கொடியும் பார்த்திருப்பீர்கள். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள்வரை அந்த முக்குணா போயிருக்கிறது. அங்கே பெய்கிற மழை வேறு. ஹொசக்கோட்டையில் அதை நம்பி இறங்க நான் சொல்லமாட்டேன். மேலும் அவை மரமேறிக் கழுத்தை நெரிக்கும். மாதம் ஒரு தரம் இழுத்துவிட ஆள் வேண்டும். கொஞ்சம் தண்ணீர் விட வசதியிருந்தால் காட்டு வேர்க்கடலை நல்ல தேர்வு. பெங்களூரில் அலுவலக வளாகங்களில் புல்லுக்குப் பதில் மஞ்சள் பூவோடு தரையோடு தரையாகப் படர்ந்திருக்குமே, அதுதான். பிரேசில் நாட்டுச் செடி. விதை தேட வேண்டாம், தண்டைக் கிள்ளி நட்டாலே பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் நேரம். இதில் பிசகினால் பயறே மரத்துக்குப் பகையாகிவிடும். பெங்களூர் வட்டாரத்தில் மா டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை பூக்கும். அதற்கு முன்னால் மண் கொஞ்சம் காய வேண்டும், மரம் கொஞ்சம் பட்டினி கிடக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஈரமும் தழைச்சத்தும் பொங்கினால் பூவுக்குப் பதில் கொழுந்து விட்டுவிடும். மாறாக, காய் பறித்து முடிந்த ஜூன், ஜூலையில் மரம் இளைத்துப்போய்த் தீனி கேட்கும். ஆகவே ஜூன் மழையில் விதைத்து ஆகஸ்டில் சாய்ப்பது மாவுக்குப் பொருத்தம். இங்கே அதிகமாகக் கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில். அப்போது தரையில் மூடாக்கு கிடக்கும். வேண்டுமானால் அதன் ஊடே கொள்ளு விதைத்து நவம்பருக்குள் அதையும் சாய்த்துவிடலாம். எங்கள் அவரை தை வரை நின்றதில் இந்தத் தப்பும் சேர்ந்துகொண்டது: மழை நின்ற பிறகும் இரண்டு மாதம் கன்றுகளோடு போட்டி போட்டு ஈரத்தை உறிஞ்சியது. மூடுபயிருக்கென்று போர்த் தண்ணீர் விடும் நிலை வந்தால் அதை அன்றே வெட்டிவிடுவது மேல்.

விதைப்பில் பெரிய வித்தை இல்லை. முதல் மழைக்குப் பின் ஒரு தடவை மேலாகக் கீறிவிட்டு, கன்றிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி, ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ சணப்பு தூவி, முள்ளுச் செடியை இழுத்து மூடினால் போதும். தட்டைப்பயறும் கொள்ளும் பத்து கிலோ போதும். விதையை ஹோப்ளிதோறும் (தாலுகாவின் உட்பிரிவு) உள்ள ரைத சம்பர்க்க கேந்திரத்தில், அதாவது அரசு உழவர் மையத்தில் கேட்டுப் பாருங்கள், பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்திலும் விசாரிக்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை அங்கே கிருஷி மேளா என்ற உழவர் திருவிழா நடக்கும், போனால் ஒரு நாள் பொழுது நன்றாகப் போகும். இதுவரை பயறே காணாத நிலம் என்றால் ரைசோபியம் பாக்கெட் ஒன்று வாங்குங்கள். 200 கிராம் பாக்கெட் பத்து கிலோ விதைக்கு வரும். ஆறின அரிசிக் கஞ்சியில் கரைத்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். கஞ்சி சூடாக இருந்தால் நுண்ணுயிர் வெந்துபோகும். வெயிலில் காயவைத்தாலும் அதே கதி. பூஞ்சாண மருந்து தடவி, நீலமோ சிவப்போ நிறமேற்றிய விதையில் இதைப் புரட்டுவது வீண்.

தொல்லைகளும் உண்டு, மறைப்பதற்கில்லை. அடர்ந்து மூடினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கம்பால் தட்டிக்கொண்டே நடங்கள், கம்பூட் போடுங்கள். மார்ச்சில் காய்ந்த மூடாக்கில் பீடி நெருப்பு ஒன்று விழுந்தால் போதும், வேலி ஓரம் பத்தடி அகலத்துக்குச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். கன்றின் தண்டை ஒட்டி மூடாக்கு குவிந்தால் கரையான் ஏறும், ஒரு முழம் தள்ளியே வையுங்கள். மூடுபயிராகப் போடப் பூனைக்காலிக் கொடியின் விதை யாராவது கொடுத்தால், காயில் அரிக்கும் சுனை இல்லாத ரகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுனையுள்ளது என்றால் காய் தட்டிய அன்று தோட்டமே சொறிந்துகொண்டு நிற்கும்.

நிலமே இல்லாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். மொட்டைமாடியில் டிரம்மில் எலுமிச்சை வைத்திருப்பவர்கள் சமையலறையில் இருக்கும் முழுப் பச்சைப்பயறில் இரண்டு கைப்பிடி எடுத்து, ஈரத்துணியில் ஒரு இரவு கட்டிவைத்து, முளை கண்டதும் டிரம்மின் ஓரமாகத் தூவுங்கள். ஒரு மாதத்தில் பூ எட்டிப் பார்க்கும். கத்தரிக்கோலால் தரையோடு வெட்டி, அங்கேயே போட்டு, வேரை உள்ளேயே விட்டுவிடுங்கள். ஒரு செடியை மட்டும் பெயர்த்து அலசி முடிச்சைப் பிளந்து பாருங்கள்.

நாங்கள் இப்போது நாலாம் வருஷத்தில் இருக்கிறோம். முதல் இரண்டு வருஷம் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதே உண்மை. போன ஐப்பசி மழையில்தான் வித்தியாசம் பட்டது: பக்கத்து நிலத்திலிருந்து ராகி மால்ட் ஓடிவந்தது, எங்கள் வரப்பைத் தாண்டி வெளியே போன தண்ணீர் அவ்வளவு சிவப்பாக இல்லை. மூடாக்கைக் கிளறினால் மண்புழு எச்சம் உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது. மண்வெட்டி 'டங்' என்பதை நிறுத்தி 'சதக்' என்கிறது.

அம்மாவோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது. மரங்களுக்கு நடுவே விதைப்பது மண்ணுக்கு. அதில் பூ வந்தால் அவர் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். கிழக்கு வேலி ஓரம் அறுபதடிக்கு ஒரு வரிசை அவரை அவருக்கு. அதில் நான் அரிவாள் வைக்கக் கூடாது. இந்த வருஷம் வேலிக்கு வெளியேயும் கொடி இறங்கி, பாதையில் போகிறவர்கள் ஆளுக்கொரு கை பறித்துக்கொண்டு போகிறார்கள். அதற்கு நான்தான் காவல் இருக்க வேண்டுமாம்.